கண்ணாடி முகப்பும் கரண்ட் பில்லும்: நம் கடைத்தெரு அலுவலகங்கள் ஏன் இப்படிச் சூடாகின்றன?

2022 மார்ச் மாதக் கடைசி நாட்கள். நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலம். அக்கரைப்பற்றுப் பிரதான வீதியிலுள்ள ஒரு கட்டடத்தின் முதலாம் மாடியில் என் நண்பர் ஒருவர் சிறிய அலுவலகம் நடத்திவந்தார். கணக்குப் பதிவு, வரி விபரத்திரட்டு, ஒன்லைன் விண்ணப்பம் போன்ற வேலைகள். அவருடன் மூன்று பேர் வேலை செய்தார்கள். மடிக்கணினிகளில் இரண்டு மணிநேரத்துக்குச் சார்ஜ் இருந்தது. ஆனாலும் உள்ளே பத்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை. வீதியைப் பார்த்த பக்கம் முழுவதும் நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடி. அதில் திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றும் இல்லை. ஏசி நின்றதும் அறை அடுப்பாகிவிட்டது. நால்வரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வேலை செய்ததை நான் நேரில் பார்த்தேன்.

அதே வீதியில், சில கட்டடங்கள் தள்ளி, ஓடு வேய்ந்த பழைய வீடொன்றில் இன்னோர் அலுவலகம் இருந்தது. முன்னால் விறாந்தை, உயரமான கூரை, சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துவாரங்கள். அங்கும் மின்சாரம் இல்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் வழமைபோல எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆலையடிவேம்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு கட்டடங்களையும் கடந்துதான் போகிறேன். அலுவலகங்களில் மின்சாரத்தைச் சேமிப்பது பற்றிப் பேசினால் 'போகும்போது சுவிச்சை நிறுத்துங்கள்' என்ற அறிவித்தல்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. சுவிச்சுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது கட்டடம் என்பதை இந்த இரண்டும் எனக்குக் காட்டின.

பில் வந்த விதம்

2022 ஒகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூட்டப்பட்டது. அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் கட்டணம் கூட்டப்படவில்லை. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் கூடியது. அதன் பின்னர் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 2024 மார்ச்சில் 21.9 சதவீதம், ஜூலையில் 22.5 சதவீதம், 2025 ஜனவரியில் 20 சதவீதம் என்று குறைந்து, அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் கூடியது.

என் நண்பரின் அலுவலகத்துக்கு 2023 ஆரம்பத்தில் வந்த பில், அங்கு வேலை செய்த மூவரில் ஒருவரின் மாதச் சம்பளத்தை எட்டியது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் மாதம், கடைசியாக வேலைக்குச் சேர்ந்த தங்கச்சியிடம் "கொஞ்ச நாளைக்கு வேறு இடம் பாருங்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண் கெட்டிக்காரி. தமிழிலும் சிங்களத்திலும் வேகமாகத் தட்டச்சு செய்வாள். ஒரு குடும்பத்தின் வருமானம் அந்தக் கண்ணாடி முகப்பின் வழியாகப் போய்விட்டது என்று நான் சொன்னால் அது மிகைப்படுத்தல் போலத் தெரியும். கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

வீதி ஓடும் திசை

கல்முனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று பொத்துவில் நோக்கிப் போகும் நம் பிரதான வீதி, கரையோரமாக வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. வங்கி, காப்புறுதி அலுவலகம், கணினி நிலையம், கற்பித்தல் நிலையம் எல்லாம் இந்த வீதியைப் பார்த்தபடியே நிற்கின்றன. அப்படியென்றால் அவற்றின் முகம் ஒன்றில் கிழக்கைப் பார்க்கிறது, அல்லது மேற்கைப் பார்க்கிறது.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 7 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே சாயும். ஆகவே வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு இரண்டு, மூன்று அடி நீட்டிய கூரை போதும். உயரத்தில் இருக்கும் சூரியன் அந்த ஜன்னலுக்குள் அதிகம் நுழையாது. கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலை 8 மணிச் சூரியனும் மாலை 4 மணிச் சூரியனும் தாழ்வாக நின்று நேரே உள்ளே அடிக்கும். மேலே நீட்டிய கூரை அதைத் தடுக்காது.

நம் ஊர்களில் கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் கண்ணாடி வைக்கக்கூடாதோ அந்தப் பக்கத்தில்தான் வைக்கிறோம். வீதியும் காணியும் அப்படி அமைந்துவிட்டதால் திசையை மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் எவ்வளவு கண்ணாடி, அதற்கு வெளியே என்ன நிழல் என்பது நம் கையில் இருக்கிறது.

என் நண்பரின் அலுவலக முகப்பு 12 அடி அகலம், 8 அடி உயரம். ஏறக்குறைய 9 சதுர மீற்றர். மேற்கைப் பார்த்தது. தெளிந்த வானமுள்ள பின்னேரத்தில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீற்றரில் 500 வொட் அல்லது அதற்கு மேலான வெயில் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். 500 இன் ஐந்தில் நான்கு 400 வொட். அதை 9 ஆல் பெருக்கினால் 3,600 வொட். கடைகளில் '12,000 பீ.டீ.யூ' என்று விற்கப்படும் ஏசி ஒன்று அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வொட். அதாவது பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ஒரு ஏசி முழுவதும் அந்தக் கண்ணாடிக்காகவே ஓடுகிறது. உள்ளே இருக்கும் மனிதர்களுக்கு இன்னொரு ஏசி வேண்டியிருக்கிறது.

அட்டாளைச்சேனையிலிருந்து வந்து அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த மின்னிணைப்பாளர் நானாவிடம், "இன்னும் பெரிய ஏசி போட்டால் சரிவருமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அடுப்பை உள்ளுக்குள்ள எரிய விட்டுட்டு ஏசியைக் கூட்டிக் கூட்டி என்ன செய்யிற? முதல்ல இந்த வெயில வெளியில நிப்பாட்டுங்க" என்றார்.

நிழல் எங்கே விழ வேண்டும்?

பெரும்பாலான அலுவலகங்கள் கண்ணாடிக்கு உட்பக்கம் திரை போடுகின்றன. கண் கூசாமல் இருக்க அது உதவும். ஆனால் வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகுதான் திரையில் படுகிறது. திரை சூடாகி அந்த வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே போடும் நிழல் வேறு மாதிரி. வெப்பம் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடும். மூங்கில் தட்டி, பச்சை நிழல் வலை, செங்குத்தாக நிறுத்திய அலுமினியப் பட்டைகள், வாசலில் ஒரு வேப்பமரம் எல்லாம் இதைச் செய்யும்.

அடுத்தது கூரை. மேல்மாடி அலுவலகங்கள் பெரும்பாலும் வெறும் கொங்கிரீட் தளத்துக்குக் கீழே, அல்லது சீட் கூரைக்குக் கீழே இருக்கின்றன. கொங்கிரீட் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு, பின்னேரம் மெதுவாகக் கீழே விடும். இரவு ஏழு மணிக்கும் மேல்மாடி அறை புழுங்குவது இதனால்தான். தளத்தின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசுவது மிக மலிவான வேலை. சீட் கூரை என்றால் அதற்குக் கீழே வெப்பத் தடுப்புத் தாள் விரித்து, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் காற்று வெளியேற வழிவிட வேண்டும்.

கொழும்பில் ஒரு கட்டடத்தின் கதை

இதெல்லாம் சிறிய கட்டடங்களுக்குத்தானே, பல மாடி அலுவலகங்களுக்கு ஏசி இல்லாமல் முடியுமா என்று கேட்கலாம். இலங்கையிலேயே அதற்கு ஒரு முயற்சி நடந்தது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1976 முதல் 1978 வரை கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காக ஒரு மாடிக் கட்டடத்தை வடிவமைத்தார். காற்றும் வெளிச்சமும் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும்படி ஒடுக்கமான அமைப்பு, நிழலுக்குள் ஜன்னல்கள், காற்று நுழைவதற்கென்று தனி வழிகள். வெப்பமண்டல நாடொன்றில் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பிக் கட்டப்பட்ட உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு முன்னோடியாக அது இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் கட்டடம் பின்னர் மகாவலி அலுவலகங்களுக்குப் போனது. உள்ளே தடுப்புச் சுவர்கள் எழுந்தன. குறுக்கே ஓட வேண்டிய காற்று நின்றது. பிறகு ஏசி வந்தது.

கட்டியவர் ஒன்று நினைக்க, பயன்படுத்துபவர் வேறொன்று செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். நம் பிரதேசத்து அலுவலகங்களிலும் இதையே பார்க்கிறேன். திறந்த மண்டபமாகக் கட்டிய இடத்தில் 'அதிகாரியின் அறை' என்று பலகையால் ஒரு பெட்டி அடிக்கப்படும். ஜன்னல் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். வெளியே இருக்கும் எழுதுவினைஞர்களுக்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட் எரிய வேண்டும்.

கச்சான் வீசும்போது என்ன செய்வது?

கிழக்குக் கரையில் ஜன்னலைத் திறந்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எப்படியிருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் ஏசி ஆடம்பரம் இல்லை. கேள்வி, அதை எப்படி ஓட்டுவது என்பதுதான்.

நம் அலுவலகங்களில் ஏசியை 18 அல்லது 20 பாகை செல்சியஸில் வைத்துவிட்டு, குளிர் தாங்காமல் சால்வை போர்த்திக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 18 இல் வைத்தால் அறை வேகமாகக் குளிரும் என்று நினைப்பது தவறு. சாதாரண ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18 இல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். வெப்பநிலையை ஒரு பாகை கூட்டினால் ஏசியின் மின்பாவனை சுமார் 6 சதவீதம் குறையும் என்று இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. அங்கு 2020 ஜனவரியிலிருந்து புதிய ஏசிகள் 24 பாகையில் தொடங்கும்படி அமைக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன.

26 பாகையில் புழுங்காதா? மின்விசிறி ஓடாவிட்டால் புழுங்கும். காற்று உடலில் பட்டால் இரண்டு, மூன்று பாகை குறைந்தது போல உணர்வோம். ஏசி போட்டவுடன் மின்விசிறியைக் கழற்றிவிடுவது நம் வழக்கம். இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். பழைய மின்விசிறி 70 வொட்டளவில் எடுக்கும். இப்போது வரும் பீ.எல்.டீ.சி மின்விசிறி 30 வொட்டளவில் ஓடும். 12,000 பீ.டீ.யூ ஏசி ஓடும்போது 1,000 வொட்டுக்கு மேல் எடுக்கும். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

உடையும் இதில் சேரும். ஜப்பானில் 2005 இல் அப்போதைய சுற்றாடல் அமைச்சர் யூரிகோ கொய்கே 'கூல் பிஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கோடையில் அலுவலக ஏசியை 28 பாகையில் வையுங்கள், கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டாம் என்பதுதான் அதன் செய்தி. பிரதமரும் அமைச்சர்களும் கழுத்துப்பட்டி இல்லாமல் வந்ததால் மற்றவர்களுக்கும் தயக்கம் போனது. நம் ஊர் வங்கி ஊழியரும் விற்பனைப் பிரதிநிதியும் இன்னும் முழுக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வெயிலில் நிற்கிறார்கள். அவர்களுக்காகக் கட்டடத்தைக் குளிர்விக்கும் செலவை வாடிக்கையாளரும் சேர்த்தே கட்டுகிறார்.

யாரும் இல்லாத நேரத்து மின்சாரம்

ஒரு நாள் மாலை நண்பரின் அலுவலகத்தை மூடும்போது மீற்றரைப் படம் எடுத்தேன். அடுத்த நாள் காலை திறக்கும் முன் மறுபடியும் எடுத்தேன். ஒருவரும் இல்லாத அந்த இரவில் 5 அலகு ஓடியிருந்தது. மாதத்துக்கு 150 அலகு. நண்பர் நம்பவில்லை. இன்னொரு நாளும் பார்த்தோம், அதே அளவுதான்.

தேடியபோது காரணங்கள் கிடைத்தன. சுடுநீரும் குளிர்நீரும் தரும் இயந்திரம் இரவு முழுவதும் தண்ணீரைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகைக்குள் ஆறு பழைய டியூப் லைட்கள் விடியும்வரை எரிந்தன. போட்டோப் பிரதி இயந்திரமும் யூ.பி.எஸ்ஸும் விழித்திருந்தன. நீர் இயந்திரத்துக்கும் பலகைக்கும் நேரங்காட்டிச் சுவிச் போட்டோம். அதற்கு ஆன செலவு ஒரு மாதத்திலேயே திரும்பி வந்தது.

இந்தப் பரிசோதனைக்கு நிபுணர் தேவையில்லை. கைத்தொலைபேசி இருந்தால் போதும். உங்கள் அலுவலகத்தில் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

விளக்குக் கணக்கும் எளிது. 36 வொட் பழைய டியூப் லைட், அதன் சோக்குடன் சேர்த்து 45 வொட்டளவு எடுக்கும். அதற்குப் பதில் 18 வொட் எல்.ஈ.டி போடலாம். 12 விளக்குகள், நாளுக்கு 9 மணிநேரம், மாதத்துக்கு 25 நாள் என்றால் சுமார் 73 அலகு மிச்சம். விளக்கு எடுக்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாக மாறுவதால், அந்த வெப்பத்தை வெளியேற்றும் வேலையும் ஏசிக்குக் குறைகிறது.

பெரிய அலுவலகங்களுக்கு இன்னொன்றும் உண்டு. 42 கே.வி.ஏ இற்கு மேற்பட்ட இணைப்புள்ளவர்களுக்கு, எத்தனை அலகு என்பதோடு, மாதத்தில் ஒரே நேரத்தில் ஆகக் கூடுதலாக எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கும் தனிக் கட்டணம் வரும். காலை எட்டரைக்குக் காவலாளி எல்லா ஏசிகளையும் ஒன்றாகப் போட்டால், அந்தச் சில நிமிடங்களின் உச்சத்துக்கு மாதம் முழுவதும் பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு மாடியாக, கால் மணிநேர இடைவெளி விட்டுப் போட்டால் அந்தத் தொகை குறையும்.

சூரியப் பலகை போட்டால் எல்லாம் சரியா?

2016 இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் வந்த பிறகு நம் பக்கத்திலும் கூரைகளில் சூரியப் பலகைகள் கூடியிருக்கின்றன. அலுவலகம் பகலில் இயங்குவதால் அது நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒழுகும் வாளிக்குப் பெரிய குழாய் பூட்டுவதில் பயனில்லை. முதலில் தேவையைக் குறைத்தால் பாதிப் பலகைகள் போதும். மேலும், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கலாம். உற்பத்தி செய்வதற்கும் எல்லை இருக்கிறது. செலவழிக்காமல் விட்ட அலகுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சட்டம் எட்டாத இடம்

2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை, கட்டடங்களுக்கான வலுத்திறன் கோவையை 2008 இல் வெளியிட்டது. அது நான்கு மாடி அல்லது அதற்கு மேல், 500 சதுர மீற்றர் தளப்பரப்பு, 100 கே.வி.ஏ மின்தேவை போன்ற அளவுகளைத் தொடும் கட்டடங்களைக் குறிவைத்தது. கொழும்புக்கு அது பொருந்தும். நம் பிரதான வீதியில் வரிசையாக நிற்பவை இரண்டு, மூன்று மாடிக் கட்டடங்கள். தனித்தனியே சிறியவை. சேர்த்துப் பார்த்தால் ஒரு நகரம்.

அதைவிடப் பெரிய சிக்கல், கட்டுபவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர். கட்டட உரிமையாளருக்குக் கண்ணாடி முகப்பு வைத்தால் வாடகை கூடும். வெளியே நிழல் போட்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. வாடகைக்கு இருப்பவருக்குச் சுவரில் கைவைக்க அனுமதி இல்லை. அரச அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பில் எவ்வளவு என்றே தெரியாது. ஆகவே மூன்று காரியங்களை நாமே தொடங்கலாம். மாதாந்த அலகுகளை எல்லோரும் பார்க்கும் பலகையில் எழுதிவைப்பது. வாடகை உடன்படிக்கை எழுதும்போதே நிழலும் திறக்கும் ஜன்னலும் யார் பொறுப்பு என்று சேர்ப்பது. கட்டட அனுமதிக்கு வரைபடம் வரும்போது, மேற்கு, கிழக்குக் கண்ணாடிக்கு வெளிநிழல் உண்டா என்று பிரதேச சபையும் மாநகர சபையும் ஒரு கேள்வி கேட்பது.

என் நண்பர் கட்டட உரிமையாளருடன் மூன்று முறை பேசினார். கடைசியில் செலவைப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். முகப்புக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் நிழல் வலை வந்தது. கண்ணாடியில் இரண்டு பகுதிகளை வெட்டித் திறக்கும் ஜன்னலாக்கினார்கள். பின்சுவரில், கடல் பக்கமாக, இன்னொரு ஜன்னல். இப்போது கடற்காற்று வரும் பின்னேரங்களில் இரண்டாவது ஏசியைப் போடுவதே இல்லை. பில் குறைந்ததும் நண்பர் அந்தத் தங்கச்சிக்கு அழைப்பெடுத்தார். அவள் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "முந்தியே இதைச் செய்திருக்கலாம் அண்ணா" என்றாளாம்.

போன வாரம் அதே வீதியில் புதிதாக ஒரு கட்டடம் எழும்புவதைப் பார்த்தேன். மூன்று மாடி, மேற்குப் பார்த்த முகப்பு. கண்ணாடி இன்னும் பூட்டவில்லை.